இன்னும் இரண்டடி

பெரிய வண்டியை முன்னால் ஓட்டுவது ஒன்றும் பெரிய வித்தையில்லை சார். பின்னால் எடுப்பதில்தான் ஆளின் லட்சணம் தெரியும். இருபத்திரண்டு வருடம் பேருந்து டிப்போவில் எனக்கு அதுதான் வேலை. வண்டிக்குப் பின்னால் நின்று கை காட்டுவது. விரிந்த கை என்றால் வா, மூடிய கை என்றால் நில். என் கையை நம்பி வந்த எந்த வண்டியிலும் ஒரு கீறல் விழுந்ததில்லை, வேண்டுமானால் அங்கே விசாரித்துப் பாருங்கள். நீங்கள் மேசைமேல் வைத்திருக்கும் படத்துக்கு வருகிறேன். இதையெல்லாம் சொல்லாமல் அதைச் சொன்னால் உங்களுக்குப் புரியாது.

ஓய்வு பெற்றதும் பழைய கேரவன் ஒன்றை வாங்கினோம். உள்ளேயே படுக்கை, அடுப்பு, கால் நீட்டினால் கதவில் இடிக்கும் ஒரு கழிப்பறை. கடலோர முகாம்களில் பத்து நாள், பதினைந்து நாள் என்று நிறுத்திக்கொள்வோம். என் இடது கண் மங்கி லைசென்ஸ் போய்விட்டதால் ஓட்டுவது என் மனைவி. அவளுடைய நாற்பத்தேழாவது வயதில் நான்தான் கற்றுக்கொடுத்தேன். கடற்காற்றில் தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் விழாது. அதனால் எங்களுக்குள் ஒரு சட்டம்: பேச்சே கிடையாது, கண்ணாடியில் தெரியும் என் கை மட்டும்தான். கை தெரியவில்லையா, வண்டி நிற்க வேண்டும். அவள் அதை ஒருநாளும் மீறியதில்லை.

“நான் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன், அவர் கை போதும் எனக்கு,” என்று பக்கத்து வண்டிக்காரர்களிடம் சொல்வாள். கேட்கப் பெருமையாக இருக்கும்.

போன வருடம் அவளுடைய அண்ணன் ஒரு வாரம் எங்களோடு தங்க வந்தார். குழாய் வேலைக்காரர். தங்கமான மனிதர், அதில் சந்தேகமே வேண்டாம். சொட்டுகிற குழாயைக் கண்டால் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவார். பெற்றவர்கள் போனபிறகு அவளுக்குத் தாயும் தகப்பனும் அவர்தான். எங்கள் வண்டிக்குப் பக்கத்திலேயே கூடாரம் அடித்துக்கொண்டார். காலையில் அண்ணனும் தங்கையும் அலையில் கால் நனைக்கப் போவார்கள். அவள் சிரிப்பது வண்டிவரை கேட்கும். என்னோடு இருக்கும்போது அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

ஐந்தாம் நாள் மதியம் சாப்பிடும்போது ஒரு சின்ன டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். வண்டிக்குப் பின்னால் மாட்டும் கேமரா. பின்னால் இருப்பதெல்லாம் ஓட்டுபவர் எதிரில் ஒரு திரையில் தெரியுமாம்.

“இனிமே மாப்பிள்ளை வெயில்ல நின்னு கை காட்ட வேண்டாம். நீயே தனியா எடுத்துடலாம்,” என்றார் அவளிடம். “அடுத்த மாசம் வண்டிய எங்க வீட்டுப் பக்கம் ஓட்டிட்டு வா. உன் அண்ணியும் கேட்டுக்கிட்டே இருக்கா.”

“நான் தனியா ஓட்டிடுவேனா அண்ணா?”

“ஏன் ஓட்ட மாட்ட? உனக்குப் பயம் வண்டியப் பாத்து இல்லம்மா.”

அவள் அந்த டப்பாவையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கை ஒடிந்த மாதிரி ஆகிவிட்டது. போனால் திரும்பி வரமாட்டாள் என்று அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது.

சாயங்காலத்துக்குள் கேமராவை மாட்டிவிடுவதாகச் சொன்னார். முகாமின் தண்ணீர்க் குழாய் சொட்டுகிறது மச்சான் என்று நான் சொன்னேன். உண்மையாகவே சொட்டிக்கொண்டுதான் இருந்தது. இடுப்பு உயரச் சிமெண்டுத் தூண் ஒன்றில் அந்தக் குழாய். ஸ்பேனரோடு போய், தூணுக்கும் எங்கள் வண்டிக்கும் நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நான் மனைவியிடம் வந்து, தண்ணீர் பிடிக்கும் ரப்பர் குழாய் எட்டவில்லை, இன்னும் இரண்டடி பின்னால் எடு என்றேன். அதுவும் உண்மைதான்.

“அண்ணா எங்க?” என்று கேட்டாள்.

“என் பக்கத்துலதான் இருக்கார்.”

அதிலும் பொய்யில்லை. என்ஜின் சத்தம் கேட்டு அவர் திரும்பிப் பார்த்தார். நான் நிற்பதைக் கண்டதும் மறுபடி குழாயைக் கவனிக்க ஆரம்பித்தார். அவரும் என் கையை நம்பினார்.

நான் கையை விரித்துக் காட்டினேன். பிறகு மூடினேன். இடையில் எவ்வளவு நேரம் என்று கேட்டீர்கள். ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம் இருக்கும்.

அவள் மணலில் உட்கார்ந்து அண்ணன் தலையை மடியில் வைத்திருந்தாள். “நான் கைய மூடினேனே, நீ பாக்கலையா?” என்று மட்டும் கேட்டேன். “பாக்கல,” என்றாள். “நான்தான் பாக்கல.” பதினோரு மாதமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். உங்கள் ஆட்களும் அதையே எழுதிக்கொண்டு விபத்து என்று முடித்தார்கள். கேமரா டப்பா பிரிக்காமல் இன்னும் அடுப்புக்குக் கீழே கிடக்கிறது.

அண்ணி முகத்தில் எப்படி விழிப்பேன் என்று சொல்லி, ஊர்ப்பக்கம் போகவே மறுத்துவிட்டாள். அண்ணி மூன்று முறை போன் செய்தார். “அவ மேல எனக்கு எந்தக் கோபமும் இல்லன்னு சொல்லுங்க, ஒரு தடவ வந்து என் பக்கத்துல இருக்கச் சொல்லுங்க,” என்றார். நான் சொல்லவில்லை. ஆறுகிற புண்ணைக் கிளறுவானேன்? இப்போது வண்டிதான் எங்களுக்கு வீடு. அவள் அலையில் கால் நனைப்பதில்லை. சாப்பிடு என்றால் சாப்பிடுகிறாள், படு என்றால் படுக்கிறாள். எங்களுக்குள் ஒரு சண்டை சச்சரவு இல்லை.

படம் தெளிவாக வந்திருக்கிறது. அன்று இரண்டு வண்டி தள்ளி இருந்த பல் டாக்டரம்மா கடற்காக்கைகளை எடுத்தது என்கிறீர்கள். ஓரத்தில் மச்சான் முதுகு, அதற்கு ஒரு சாண் தள்ளி வண்டி, பக்கத்தில் நான். என் கை விரிந்துதான் இருக்கிறது. அவர் அங்கே இருக்கிறார் என்று தெரிந்துதான் விரித்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு விஷயம் சார். உங்கள் ஜன்னல் வழியாகப் பாருங்கள், வாசலில் எங்கள் வண்டி நிற்கிறது. பத்து நிமிடத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன், இரண்டு மணி நேரம் ஆகிறது. அவள் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருப்பாள். அதில் என் கை தெரிகிறவரை நகரமாட்டாள். இந்தப் படத்தை அவளிடம் காட்டாதீர்கள், தாங்கமாட்டாள். என்னை ஒரு நிமிடம் வெளியே விடுங்கள், வண்டியை எடுக்க மட்டும் கை காட்டிவிட்டு வருகிறேன். பாவம் சார், என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?