தலைப்பிரசவம் திண்டிவனத்தில்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரு கை நிறைய வளைகாப்பு வளையலோடு ஒரு கர்ப்பிணிப் பெண். பக்கத்தில் அவள் அப்பா, மடியில் பெரிய பை.

“வளைகாப்பு முடிஞ்சி தாய்வீட்டுக்கு வந்த பொண்ணு, மறுவாரமே புருஷங்கிட்ட ஓடுமா? தலைப்பிரசவம் தாய்வீட்லதாம்மா.”

“அதுக்குன்னு போலீஸ் ஸ்டேஷன் வரிக்கும் போவியாப்பா? அந்த மேடம் என்னா சொன்னாங்க?”

“பத்தொம்போது வயசு ஆவுது, மேஜரு. அது இஷ்டப்பட்ட எடத்துல இருக்கலாம், பெத்தவங்களே ஆனாலும் அடைச்சி வெக்கக் கூடாதுன்னாங்க.”

“அப்பறம் ஏன் எங்கூட வந்துகினு இருக்கற? கொழந்த பொறக்கறப்ப அவரு பக்கத்துல இருக்கணும். திண்டிவனத்து வேலைய வுட்டுட்டு அவரால நம்மூரு கெடாருக்கு வர முடியாது. நான் திரும்பி வர மாட்டேன்.”

“உன்ன யாரு கூப்ட்டா?” அவர் பையைத் திறந்து காட்டினார். உள்ளே அவருடைய லுங்கிகள், மனைவியின் புடவைகள். “உங்கம்மா அடுத்த பஸ்ஸுல கோழியோட வர்றா. தாய்வீடு உங்கிட்ட வரக் கூடாதுன்னு அந்த மேடம் சொல்லலியே.”

“அய்யோ, எங்க வீடு ஒரே ரூமுப்பா!” அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“மொட்டமாடி இருக்குதில்ல?”