பிளாஸ்டிக் குழாய்க்குள் வைத்த இரும்பு

என்னை எல்லோரும் பொறி என்றுதான் கூப்பிடுவார்கள். வயது ஐம்பத்திரண்டு. வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன், குடியிருப்பது அதன் மாடியில். மூன்றாம் வகுப்பு வரை படித்தேன், அதையும் இரண்டு தடவை.

என் தங்கை வீட்டுக்காரர் ஹாம் ரேடியோக்காரர். மொட்டைமாடியில் கம்பி கட்டி, கடல் தாண்டி இருக்கிறவர்களோடெல்லாம் பேசுவார். வீடு தேடிப் போகிற என்னோடு பேச மாட்டார். போன மாதம் அந்தக் கம்பியைத் தூக்கிப் பிடிக்க இருபது அடிக் கம்பம் செய்து தரக் கேட்டார். இரும்புக் குழாய் போடலாம் என்றேன். பக்கத்தில் இரும்பு நின்றால் அலை கெடும் என்றார். மூங்கில் என்றேன், வெயிலில் வெடிக்கும் என்றார். பிளாஸ்டிக் குழாய்தான் வேண்டுமாம். அது காற்றில் தூண்டில் மாதிரி வளையும் என்று சொன்னதற்கு, "வெல்டிங் வைக்கிறதோட நிறுத்திக்குங்க மச்சான், ரேடியோவைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்" என்று பட்டறை ஆட்கள் முன்னால் கேட்டார். ஆட்கள் சிரித்தார்கள்.

அதன் பிறகு, அவர் போனதும், பிளாஸ்டிக் குழாய்க்குள் முழு நீளத்துக்கும் இரும்புக் குழாயைச் செருகி, சத்தம் வராமல் கந்தல் துணி அடைத்து, மேலும் கீழும் குறுக்கே போல்ட் முறுக்கி, இரண்டு முனையையும் மூடி போட்டு ஒட்டினேன். எடுத்துப் போக வந்தவர், கனக்கிறதே என்றார். "கெட்டி பிளாஸ்டிக், மாப்ள" என்றேன். கம்பம் வளையவில்லை. பார்த்தீர்களா, பிளாஸ்டிக்தான் சரி என்று என்னிடமே மூன்று முறை சொன்னார். சொந்தக்காரர்கள் பத்துப் பேர் கூடும் நாளில் மூடியைக் கழற்றிக் காட்டுவது என்று காத்திருந்தேன்.

அதன் பிறகு, ஞாயிறு காலை பத்து மணிக்குத் தங்கை போன் செய்தாள். "அண்ணா, கம்பத்தைக் கழட்டி தெருப் பக்கம் மாத்துறாரு. கரண்டு லைன் கிட்ட வருது. பிளாஸ்டிக்ல பாயாதுங்கிறாரு, நெசமா?" என்று கேட்டாள். "படிச்சவரு சொல்றாருல்ல, அவரையே கேளு" என்று போனை வைத்தேன். கையில் டீ இருந்தது. அதை முழுதாகக் குடித்தேன். அதன் பிறகு சைக்கிளை எடுத்தேன். நாலு தெரு தூரம். நான் போனபோது அவரைப் படியில் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார்கள். மேல் போல்ட் லைனில் பட்டிருக்கிறது, கீழ் போல்ட் அவர் உள்ளங்கையில் இருந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் வலது கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் லைன்மேன் குழாயை அறுத்தபோது தங்கை பக்கத்தில் நின்றாள். கந்தல் துணி முதலில் வந்தது, பிறகு இரும்பு. "நான் போன் பண்ணப்பவே உனக்குத் தெரியும்ல?" என்றாள். தெரியும் என்றேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

டீ குடிக்கும்போது என்ன நினைத்தாய் என்று ஸ்டேஷனில் அதிகாரி கேட்டார். மாப்பிள்ளை மேல் எனக்குப் பிரியம் கிடையாது, இன்றும் கிடையாது. லேசாக ஒரு ஷாக் அடித்தால் வாய் அடங்கும் என்று நினைத்தேன்.

இந்த வாக்குமூலத்தை யாரும் மிரட்டி வாங்கவில்லை. இரண்டு முறை படித்துக் காட்டினார்கள். சொன்னது அத்தனையும் நடந்தது, நான் செய்தது.

(ஒப்பம்) பொறி