தளபதிக்கு முளைத்த தலை

நான் கைராசிக்காரன் என்று பெயரெடுத்த பல் டாக்டர், ஐயா. பல்லைப் பிடுங்கும்போதே தூங்கிப்போன நோயாளிகள் உண்டு. இருபத்திரண்டு வருடத்தில் என்மேல் வந்த முதல் புகார் இதுதான்.

புகார் கொடுத்திருக்கிற எழுத்தாளரின் பேய்க்கோட்டைத் தொடரை நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள். தலை வெட்டுப்பட்ட தளபதி ஒருவன், செத்தும் முந்நூறு வருடமாகக் கோட்டை வாசலில் காவல் நிற்கிறான். மூன்று பாகமும் எனக்கு மனப்பாடம். நாலாம் பாகத்துக்காக இரண்டு வருடம் தவம் கிடந்தேன். வந்த அன்றே கிளினிக்கைப் பூட்டிவிட்டுப் படிக்க உட்கார்ந்தேன். பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு மந்திரவாதி வந்து தளபதிக்குத் தலையை ஒட்டவைத்துவிட்டான். சுருட்டை முடி வேறு. மீதி முழுக்கத் தளபதி குதிரை வியாபாரி மகளோடு ஆற்றங்கரையில் பாடிக்கொண்டிருக்கிறான். கோட்டை வாசல் திறந்து கிடக்கிறது.

"கதைதானே, விடுங்க. இழவு விழுந்த மாதிரி உக்காந்திருக்கீங்க," என்றாள் மனைவி. விட்டுவிட்டதாகத்தான் நினைத்தேன்.

அடுத்த வாரம் எழுத்தாளர் பல் சுத்தம் செய்ய வந்தார். மூன்றாம் பாகம் வந்த கையோடு அவருடைய கடைவாய்ப் பல்வலியைத் தீர்த்துவைத்தவனே நான்தான்.

"நாலாம் பாகம் எப்படி சார் எழுதுனீங்க?" என்று கேட்டேன்.

"அதை ஏன் கேக்குறீங்க டாக்டர். முன்னெல்லாம் வலி தாங்காம எழுதுவேன், ஆத்திரத்துல யாரையாவது வெட்டிடுவேன். நீங்க வைத்தியம் பாத்ததுல மனசு பூவா ஆயிடுச்சு. எல்லாம் உங்க புண்ணியம்," என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

தளபதிக்குத் தலை முளைத்தது என் கையால் என்று அப்போதுதான் புரிந்தது.

செய்த தப்பைத் திருத்துவதுதானே தொழில் தர்மம்? "சின்ன வேலை ஒண்ணு இருக்கு சார்," என்றேன். "உங்களுக்குத் தெரியாததா," என்று வாயைத் திறந்தார். மரத்துப்போக ஊசி போட்டேன். சொத்தையே இல்லாத பல் ஒன்றை நரம்புவரை துளைத்து, கடித்தால் சுருக்கென்று படுகிற மாதிரி அடைத்து அனுப்பினேன். மூன்று தடவை வலி என்று வந்தார். எழுத்து நிற்கவில்லையே என்று மட்டும் விசாரித்துக்கொண்டு, பொறுத்துக்கொள்ளச் சொன்னேன்.

ஐந்தாம் பாகம் வந்துவிட்டது. முதல் பக்கத்திலேயே தலை உருண்டுவிட்டது. அற்புதம். அதற்குள் அவர் வேறு டாக்டரிடம் போய்விட்டார், என் குட்டும் வெளிப்பட்டுவிட்டது.

என் உரிமத்தைப் பறிப்பதானால் பறித்துக்கொள்ளுங்கள். ஆனால் தொடர் ஒன்பது பாகம் என்று அறிவித்திருக்கிறார். அவர் வாயில் இன்னும் இருபத்தாறு நல்ல பற்கள் இருக்கின்றன. எனக்குப் பேராசை கிடையாது, ஐயா. நான்கு போதும்.