இடப்பக்கத்துக் குறடு

எங்கள் தெருவில் யாருக்குப் பல் வலித்தாலும் கிளினிக்குக்குப் போவதில்லை, சாகிப். நீங்கள் லாகூரிலிருந்து இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு மாற்றலாகி வந்தவர், அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். சியால்கோட்டில் எங்கள் மொஹல்லா முழுக்கப் பல் பிடுங்கும் குறடு செய்கிற பட்டறைகள்தான். ஜெர்மனிக்காரன் வாயிலும் பிரேசில்காரன் வாயிலும் நுழைகிற குறடு எங்கள் அரத்தில் தேய்ந்தது. அப்படிப்பட்டவன் கிளினிக் நாற்காலியில் போய் வாயைப் பிளந்து உட்கார்ந்தால் தெருவே கைகொட்டிச் சிரிக்கும். பட்டறையில் யார் உஸ்தாதோ, மூத்த தொழில்காரரோ, அவர் தன் ஆட்களுக்குப் பல் எடுத்துவிடுவார். சட்டத்தில் இதற்கு இடமில்லை என்பீர்கள். இருக்கட்டும். ஹாஜி மஸ்ஹரின் பட்டறையில் அந்த உஸ்தாத் நான், துஃபைல்.

செத்துப்போன சர்ஃபராஸ் என் மனைவி ஷமீமின் தம்பி. பட்டறையில் அவனைச் சேர்த்துவிட்டதே நான்தான். வேலையில் அவனைக் குறை சொல்ல முடியாது. குறை சொல்ல முடியாத ஒருவனோடு ஒரே கூரையின் கீழ் வேலை பார்ப்பது எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. அவன் வாயும் ஓயாது. உலை ஊதுகிறவன் முதல் மெருகு போடுகிறவன் வரை அத்தனை பேரும் அவன் பேச்சுக்குச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. முடிந்த குறட்டின் அலகை எடுத்துக் கீழுதட்டில் வைத்து மெல்ல இழுப்பான். எங்கள் விரலெல்லாம் காய்த்துப் போனவை, அவற்றுக்குச் சின்னப் பிசிறு தெரியாது. உதட்டுக்குத் தெரியும். குளிர்காலம் தொடங்கியபோது ஏற்றுமதிக்கு ஒரு பெரிய சரக்கு தயாரானது. அதில் நான் முடித்த குறடுகளை அவன் ஒவ்வொன்றாக உதட்டில் இழுத்துப் பார்த்துவிட்டுக் கழிவுப் பெட்டியில் போட்டான். எல்லாரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்த நேரம்.

"அத்தான், இத வச்சுப் பல்லப் புடுங்குனா பல்லு வராது, ஈறுதான் வரும்" என்றான்.

"ஈறு வந்தா என்னடா, கூடவே அத்தான் கையெழுத்தும் வரும்ல" என்றான் ஒருவன். பட்டறை முழுக்கச் சிரித்தது. ஹாஜி ஒரு குறட்டை வாங்கித் தன் உதட்டில் இழுத்துப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார்.

"துஃபைல், தப்பா எடுத்துக்காதே. இனிமே உன் உருப்படியெல்லாம் மச்சான் பாத்தப்புறம் போகட்டும்."

அவ்வளவுதான் நடந்தது. யாரும் என்னை அடிக்கவில்லை, சம்பளத்தைக் குறைக்கவில்லை. அன்றிலிருந்து என் வேலை அவன் உதட்டைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும் என்றானது. உஸ்தாத் என்று கூப்பிடுவதை மட்டும் அவர்கள் நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் தேவலை. அந்தச் சொல்லைச் சொல்லும்போதெல்லாம் அவர்கள் உதட்டோரம் துடித்ததை நான் பார்த்தேன். இல்லை என்று ஷமீம் சொன்னாள். அவள் பட்டறைக்கு வந்ததே இல்லை.

பிறகு அவனுக்குப் பல் வலி வந்தது. மேல்வாயில், வலப்பக்கம், கடைசிக்கு முந்தின பல். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றான்.

"தாங்க முடியல அத்தான். எடுத்து வுட்டுருங்க."

"கிளினிக்குக்குப் போயேன். உனக்குத்தான் நம்ம குறடு ஆகாதே."

"அட, இன்னுமா அத மனசுல வச்சிருக்கீங்க? உங்க கை இருக்கறப்ப நா எதுக்கு எவன்கிட்டயோ போய் வாயக் காட்டணும்?"

சொல்லிவிட்டு நேராகக் கழிவுப் பெட்டிக்குப் போனான். தானே தள்ளிய குறடுகளில் ஒன்றைத் தேடி எடுத்து என் கையில் வைத்தான். "இதாலயே எடுங்க. நீங்க பண்ணுனது" என்றான். எல்லாரும் பார்த்தார்கள். உஸ்தாதுக்கு மரியாதை செய்கிறான் என்று ஒருவருக்கொருவர் தலையாட்டிக்கொண்டார்கள். எனக்கு அது மரியாதையாகப் படவில்லை, சாகிப். ஊர் பார்க்கப் போடுகிற பிச்சை அது. கீழே தள்ளியவனே கைகொடுத்துத் தூக்கிவிட்டு நல்ல பெயரும் வாங்கிக்கொள்கிறான் என்றுதான் தோன்றியது.

மற்றவர்கள் மதியம் ளுஹர் தொழுகைக்குப் போன பிறகு அவனை ஸ்டூலில் உட்காரவைத்தேன். குறட்டையும் நெம்பியையும் வெந்நீரில் போட்டு எடுத்தேன். ஈறில் கிராம்பு எண்ணெய் தடவினேன். நெம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே கொடுத்துக் கொஞ்சம் அசைத்துவிட்டு, குறட்டால் பிடித்துக் கன்னத்துப் பக்கமாகச் சாய்த்து இழுத்தேன். பல் வந்தது. மூன்று வேரும் உடையாமல் முழுதாக வந்தது. பஞ்சை வைத்துக் கடிக்கச் சொன்னேன்.

வலி போகவில்லை. கன்னம் வீங்கியது, வீக்கம் மேலே ஏறிக் கண்ணை மூடியது. காய்ச்சலில் பிதற்றினான். ஷமீம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகலாம் என்று அழுதாள். பல் எடுத்தால் வீங்கத்தான் செய்யும், உப்பு ஒத்தடம் கொடு என்று நான் சொன்னேன். கடைசியில் ஹாஜி தன் வேனில் ஏற்றிப் போனார். அதற்குள் சீழ் மூளைக்கு ஏறிவிட்டது. அழுகின பல் வலப்பக்கத்தில் அப்படியே இருக்கிறது, இடப்பக்கத்தில் நல்ல பல்லைக் காணோம் என்று அங்கே சொன்னார்கள்.

நீங்கள் வந்தீர்கள். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பட்டறையில் ஒரு சுற்றுச் சுற்றினீர்கள். படிப்பில்லாத ஆள், எதிரே நின்று எடுத்ததில் இடமும் வலமும் மாறிப்போய்விட்டது, கைத்தவறு என்று எழுதினீர்கள். எனக்குப் படித்தும் காட்டினீர்கள். என் மேல் கருணை காட்டுவதாக உங்களுக்கு நினைப்பு.

உங்கள் மேசையில் கிடக்கிற அந்தக் குறட்டை இப்போது எடுத்துப் பாருங்கள். இத்தனை நாளாக ஒரு தடவைகூட நீங்கள் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை. இரண்டு அலகில் ஒன்றின் நுனியில் மட்டும் கூர் இருக்கிறது இல்லையா? மேல் கடைவாய்ப் பல்லுக்குக் கன்னத்துப் பக்கம் இரண்டு வேர், அண்ணத்துப் பக்கம் ஒரு வேர். அந்தக் கூர் இரண்டு வேருக்கு நடுவில் போய் உட்கார வேண்டும். அதனால் வலப்பக்கத்துக்குத் தனிக் குறடு, இடப்பக்கத்துக்குத் தனிக் குறடு. செருப்பு மாதிரிதான். மாற்றிப் போட்டால் வழுக்கும், பல் உடைந்து வேர் உள்ளேயே நிற்கும். எதிரே நிற்கிற ஆளின் வாயில் எது இடம், எது வலம் என்று பார்த்துத்தான் நாங்கள் இதைச் செய்கிறோம். வேறெதிலும் நான் குழம்புவேன், இதில் மாட்டேன்.

சர்ஃபராஸ் எடுத்துக் கொடுத்தது வலப்பக்கத்துக் குறடு. வலியோடு இருந்தும் சரியாகத்தான் எடுத்தான். எல்லாரும் போன பிறகு நான் அதைக் கீழே வைத்துவிட்டு, பெட்டியிலிருந்து இடப்பக்கத்துக் குறட்டை எடுத்துக்கொண்டேன். உங்கள் கையில் இருப்பது அதுதான். குழம்பிப்போனவன் குறட்டை மாற்றி எடுத்திருக்க மாட்டான்.

இடப்பக்கத்து நல்ல பல்லில் அலகை வைத்ததும் அவன் என் மணிக்கட்டில் இரண்டு தட்டுத் தட்டினான். நான் தெரியாமல் செய்கிறேன் என்று நினைத்துவிட்டான். மெதுவாகத்தான் தட்டினான், என் மனம் நோகக் கூடாதே என்பதுபோல. விரலால் வலப்பக்கத்தைக் காட்டினான். நான் தெரியும் என்று தலையாட்டிவிட்டு இழுத்தேன்.

அழுகல் வலப்பக்கம் தெரிந்தாலும் வேர் இங்கேதான், இனி சரியாகிவிடும் என்றேன். வாய் நிறைய ரத்தத்தோடு அவன் என்னைப் பார்த்தான். "நீங்க சொன்னாச் சரிதான் அத்தான்" என்றான். அவன் என்னிடம் பேசிய பேச்சில் அது ஒன்றில்தான் கிண்டல் இல்லை.

சரக்கு கப்பலேறும் வரை அவன் படுத்துக் கிடந்தால் போதும் என்று நினைத்ததாக நான் சொல்லலாம். நீங்களும் எழுதிக்கொள்வீர்கள். ஆனால் பட்டறையில் மெருகு போட்டுக்கொண்டிருந்த பரக்கத் போன வருடம் இப்படித்தான் செத்தான். மேல்வாய்ப் பல்லின் சீழ் கண்ணுக்கு ஏறி, கண் மூடி, பிதற்றி. அவனைக் குளிப்பாட்டிக் கஃபன் துணி போர்த்தியவர்களில் நானும் ஒருவன். சர்ஃபராஸின் கண் மூடியபோது அடுத்தது என்ன என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஷமீமை ஒத்தடத்துக்கு உப்பு வறுக்கச் சொன்னேன். அவள் அவன் கன்னத்தில் ஒத்திக்கொண்டே துஆ ஓதினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டியைப் பிட்டுச் சாப்பிட்டேன்.

அவள் என்னை மன்னித்துவிட்டாள். "கை தவறிப்போச்சு, நீங்க என்ன பண்ணுவீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதையும் பொறுத்துக்கொண்டேன். நேற்று பட்டறைக்குப் போனேன். ஹாஜி என் பெஞ்சில் வேறு ஒருவனை உட்காரவைத்திருந்தார். "கண்ணு போயிருச்சு போல துஃபைல், எடம் வலமே தெரியலையாமே. வீட்ல இருந்து ரெஸ்ட் எடுப்பா" என்றார். பாவம் பார்க்கிற குரலில் சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை. வெளியே வரும்போது என்னை யாரும் உஸ்தாத் என்று கூப்பிடவில்லை.

அதனால்தான் நானாக நடந்து இங்கே வந்தேன். அந்த வரியை அடித்துவிடுங்கள், சாகிப். இடம் வலம் தெரியாதவன் என்று என்னை எழுதாதீர்கள். கொலைகாரன் என்று எழுதிக்கொள்ளுங்கள், அதைத் தெருவில் நின்று படித்தாலும் எனக்கு வெட்கமில்லை.