தண்ணி குடிக்கிற ஒட்டகச்சிவிங்கி

கோகுல்நாத்: டீ ஆறுதுங்க... பெஞ்சு மேல வெச்சிருக்காங்க பாருங்க. எடுத்துக்கங்க.

கௌசிகா: நீங்க எடுத்துக்கங்க.

கோகுல்நாத்: வேண்டாமுங்க... எனக்கு இந்தக் குச்சிக்கிழங்கு மூட்டைக்குப் பின்னாடியே நல்லாத்தான் இருக்குது.

கௌசிகா: எனக்கும் மூட்டைக்கு இந்தப் பக்கமே நல்லாத்தான் இருக்குதுங்க.

கோகுல்நாத்: சோளக்காட்டுச் சந்தைக்குப் பொண்ணு பாக்க வந்து மூட்டையப் பாத்துட்டு நிக்கறவன் நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். போட்டோவுல சேர்ல உக்காந்திருந்தீங்க...

கௌசிகா: நீங்களுந்தான் லாரிக்குள்ள உக்காந்திருந்தீங்க.

கோகுல்நாத்: அது ஆழ்குழாய்க் கெணறு தோண்டற போர் வண்டிங்க. தான்சானியாவுல போர் போடப் போனப்ப எடுத்தது.

கௌசிகா: அங்க... ஒட்டகச்சிவிங்கி எல்லாம் இருக்குமாமே?

கோகுல்நாத்: அதை ஏன் கேக்கறீங்க, மானம் போன கதை! மொத நாளே வேலமரத்துக்கு மேல ஒரு கம்பம் தெரிஞ்சுது. அடடா, நமக்கு முன்னாடியே வேற கம்பெனி வண்டி வந்து கம்பத்தத் தூக்கிருச்சேன்னு சண்டைக்குப் போனேனுங்க.

கௌசிகா: அய்யோ! அப்பறம்?

கோகுல்நாத்: கம்பம் காதை ஆட்டுச்சு.

கௌசிகா: சிரிக்க வெக்காதீங்க... நிக்க முடியல!

கோகுல்நாத்: ஏனுங்க, கால் வலிக்குதா?

கௌசிகா: இல்ல... இல்லீங்க. ஓடுனீங்களா?

கோகுல்நாத்: எங்க ஓடறது? வண்டிக்கு அடியில பூந்துக்கிட்டேன். அது பாட்டுக்கு முள்ளுக்கு நடுவுல எலையா உருவித் தின்னுது. ஒரு மொழம் நாக்கு, கருகருன்னு...

கௌசிகா: பாக்க அசிங்கமா இருக்குமுங்களா? வெறும் கழுத்தும் காலுமா... பள்ளிக்கூடத்துல சொல்லுவாங்க.

கோகுல்நாத்: எவன் சொன்னது? அது கூட்டமா நடந்து போனா நாங்க மிஷின நிறுத்திப்போட்டு வாயப் பொளந்துட்டு நிப்போம். அவ்வளவு அழகுங்க! பக்கத்துல நான்தான் மொளகாச் செடியாட்டம் நின்னேன்.

கௌசிகா: ...நெசமாவா?

கோகுல்நாத்: நெசமாத்தான். தண்ணி குடிக்கறப்பத்தான் பாவம். தலை தரைக்கு எட்டாது. முன்னங்கால் ரெண்டையும் அகட்டி அகட்டி வெச்சுத்தான் குனியும். அந்நேரம் பாத்துத்தான் சிங்கம் பாயும்.

கௌசிகா: அப்ப எப்படித்தான் குடிக்குமாம்?

கோகுல்நாத்: கூட ஒண்ணு காவலுக்கு நின்னா நிம்மதியாக் குடிக்குமுங்க.

சுப்பண்ணன்: கண்ணு கௌசிகா! மாமன் கூப்படறது கேக்குதா? பேளுக்குறிச்சி பஸ் வந்துருச்சு, மாப்ள கெளம்போணும். புடிச்சிருக்கா இல்லையான்னு ரெண்டு பேரும் இங்க வந்து சொல்லுங்க!

கௌசிகா: வாரோம் மாமா! ...நீங்க முன்னாடி போங்க.

கோகுல்நாத்: இல்லீங்க, நீங்க போங்க.

கௌசிகா: அட, போங்கன்னா...

கோகுல்நாத்: போக முடியாதுங்க.

கௌசிகா: ஏன்... என்னையப் புடிக்கலீங்களா?

கோகுல்நாத்: அய்யய்யோ! புடிச்சிருக்குதுங்க, அதுதான் வம்பாப் போச்சு. நான்... வந்ததுலருந்து ஒரு கல்லு மேல நிக்கறேன். ரெண்டு காலு வெக்கக்கூட எடமில்ல. கொஞ்சம் உசரமாத் தெரியட்டுமேன்னுதான்... இந்தா, எறங்கிட்டேன். இவ்வளவுதானுங்க நானு. நல்லாச் சிரிச்சுக்கங்க.

கௌசிகா: நான் எங்கீங்க சிரிக்கறது... முன்னாடி வந்தவங்க எல்லாம் என்ற உசரத்தப் பாத்துட்டுத்தான் ஓடுனாங்க. அதான் வந்ததுலருந்து சீலைக்குள்ள ரெண்டு காலையும் அகட்டி வெச்சுட்டு நிக்கறேன். காலு மரத்தே போச்சு... சிங்கம் ஒண்ணும் வராதுன்னா சொல்லுங்க, நிமிந்துக்கறேன்.