எனக்குக் கீழே இருநூறு பேர்

அஜ்மானிலிருந்து துபாயின் தேராவுக்குப் போகும் காலைப் பேருந்து. முன் சீட்டில் ஒரே கம்பெனிச் சட்டையில் இருவர். சன்னலோரத்து இளைஞன் ஆரம்பித்ததுமே நான் காதிலிருந்த இயர்போனைக் கழற்றிவிட்டேன்.

"அண்ணே, எனக்கு ப்ரமோஷன்."

"நம்ம கம்பெனியிலயா? சம்பளமே இழுத்துக்கிட்டு கெடக்கு!"

"போன்ல போக்கர் ஆடுறேன்லண்ணே, அதுல. இவ்வளவு நாளு ஒரு டாலர் கட்டுற போட்டி. இனிமே அஞ்சு டாலர்."

"ஒரு டாலர்ல ஜெயிச்சியா?"

"ஒரே ஒருவாட்டி ஒம்பதாவதா வந்தேன். அங்க ஒருத்தனுக்கும் ஆடத் தெரியலண்ணே. கண்ட சீட்டுக்கும் கையில உள்ளத மொத்தமா வச்சு நம்மளக் கவுத்துடுறானுங்க. மேல போனா யோசிச்சு ஆடுவாங்க. அங்கதான் நம்ம திறமை எடுபடும்."

"ஆடத் தெரியாதவன்கிட்ட தோத்துட்டு, ஆடத் தெரிஞ்சவன்கிட்ட ஜெயிக்கப் போற?"

"உங்களுக்குப் புரியாது. ஊர்ல பொண்டாட்டிகிட்டயும் ப்ரமோஷன்னு சொல்லிட்டேன்."

"அடப்பாவி! என்ன கேட்டுச்சு அந்தப் புள்ள?"

"உங்களுக்குக் கீழ எத்தன பேருன்னுச்சு. இருநூறுன்னேன். பொய்யில்லண்ணே, ஒம்பதாவதா வந்த அன்னைக்கு நிஜமாவே எனக்குக் கீழ அவ்வளவு பேரு இருந்தாங்க."

அப்போது அவன் போன் அடித்தது. 'சரி, சரி' என்று மட்டும் சொல்லி வைத்தான்.

"என்னடா?"

"மச்சினன் பாஸ்போர்ட் எடுத்துட்டானாம். எனக்குக் கீழயே வேலை போட்டுக் குடுக்கணுமாம்ணே."

"தாராளமா வரச்சொல்லு. உன் பழைய ஒரு டாலர் போஸ்ட் காலியாத்தான இருக்கு?"