நாற்பதாவது இடம் இன்னும் பாக்கி

கொரட்டூர் ஏரிக்கரையின் களைகளுக்கெல்லாம் பெயர் தெரிந்த பெருமாட்டியே! அளவு நாடா இன்றி அடியெடுத்து வைக்காத அம்மையே! முள்ளில் முட்டி போட்டும் முகம் சுளிக்காதவரே, எங்களை மட்டும் முப்பத்தோர் ஆண்டு முகம் சுளிக்க வைத்தவரே! தாவரவியல் துறைத் தலைவர் பேராசிரியர் ஞானகுமாரி அவர்களே, வணக்கம்.

கண்ணாடி போட்டுத் தயாராக வைத்திருந்த வாழ்த்து மடல் வேறு. அதைத் தாங்கள் வீட்டில் மாட்டிக்கொள்ளலாம். இது, பத்தரை மணிக்கான தங்கள் பணி நிறைவு விழாவைப் பன்னிரண்டேகாலுக்குத் தொடங்க வைத்தீர்களே, அந்த வயிற்றெரிச்சலில் எழுதியது.

ஏரியை விட்டுத் தள்ளிப் போகப் போக, ஈரமும் நிழலும் மண்ணும் மாற மாற, எந்தச் செடி எங்கே நிற்கிறது, எது எங்கே காணாமல் போகிறது? இதுதான் நம் துறை ஆசிரியை சபீனாவின் முனைவர் பட்ட ஆய்வு. நெறியாளர் தாங்கள். செடி செழித்த இடமாகப் பொறுக்கி அளந்தால் ஆய்வு பொய்யாகிவிடும் என்று, வரைபடத்தில் கட்டம் போட்டு, சீட்டுக் குலுக்கி நாற்பது இடம் எடுத்தீர்கள். சீட்டு சாக்கடையோரம் விழுந்தாலும் சரி, மீன்கடைப் பின்புறம் விழுந்தாலும் சரி, அங்கேதான் அந்த ஒரு மீட்டர் இரும்புச் சதுரத்தை வைத்து, உள்ளே நிற்கும் செடிகளை எண்ண வேண்டும். இரண்டடி தள்ளி வைக்கலாமே என்று சபீனா கெஞ்சினால், செடி உனக்காகத் தள்ளி முளைக்குமா என்பீர்கள். கல்லூரி வேலை, இரண்டு பிள்ளைகள், நாற்பத்தாறு வயதில் பட்டம். உங்கள் மேல் அவருக்கு எத்தனை முறை பற்றிக்கொண்டு வந்தது என்று டீ குடிக்கும்போதெல்லாம் கேட்டவர்கள் நாங்கள்.

கடைசிச் சீட்டு பொன்னம்மாள் என்பவர் வீட்டுக் கொல்லையில் விழுந்தது. இரண்டு வருடம் கேட்டைத் திறக்காத அந்தம்மா, மனமிரங்கி இன்று காலை எட்டு மணிக்கு வரச் சொன்னார். இன்று மாலை ஐந்தோடு தாங்கள் ஓய்வு; அதன்பின் தங்கள் நெறியாளர் கையொப்பம் செல்லாது. அதற்குள் நாற்பதும் முடிந்தால் சபீனாவுக்குப் பட்டம். இல்லையென்றால் புது நெறியாளர், இன்னும் ஒரு வருடம், பதவி உயர்வும் அதோடு போச்சு. பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இரும்புச் சதுரத்தோடு போய் இறங்கினீர்கள். கொல்லையில் ஒரு புல் இல்லை.

“காலேஜ்காரங்க வர்றீங்கோன்னு நேத்தே ஆளு வெச்சி எல்லாத்தியும் புடுங்கி சுத்தமா வெச்சிகீறேன்மா” என்றாராம் பொன்னம்மாள். காபியும் கொடுத்தாராம்.

முப்பத்தோர் ஆண்டு எங்களை அரை அடி அசைய விடாத தாங்கள், சபீனாவின் முகத்தைப் பார்த்தீர்கள். “பூஜ்யம்னு எழுதிடு சபீனா, நான் கையெழுத்துப் போடறேன்” என்றீர்கள். இதை முதல் வருடமே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா அம்மையீர்? தானாக ஒன்றும் முளைக்காத இடத்துக்குப் பூஜ்யம் எழுதலாம். ஆள் வைத்துப் பிடுங்கிய இடத்துக்கு எப்படி எழுதுவது? பேனாவைத் திறந்த சபீனா அரை மணி நேரம் அங்கேயே நின்றார். மனசுக்குள் உங்களைத் திட்டினார், பொன்னம்மாளைத் திட்டினார். கடைசியில் ‘பிடுங்கப்பட்டது, மறுபடி வர வேண்டும்’ என்று எழுதி நோட்டை மூடினார். ஒரு வருடம் போயே போய்விட்டது.

துறை அறைக்கு வந்து, “இந்த மேடம் என்னைக் கெடுத்து வெச்சிட்டாங்க” என்று அழுதார். இதைவிடப் பெரிய பாராட்டு எங்களுக்கு எழுதத் தெரியவில்லை.

ஐப்பசி மழைக்கு எல்லாம் திரும்ப முளைத்துவிடும் என்கிறார் பொன்னம்மாள். இனிக் கொல்லைப் பக்கமே போவதில்லை என்று சத்தியமும் செய்திருக்கிறார். ஆகவே, சர்க்கரை ஏறாமல், மூட்டு நோகாமல், கண் மங்காமல் தாங்கள் நூறாண்டு வாழ்க! வாழ்ந்துகொண்டே, மழை விட்ட மூன்றாம் வாரம் காலை ஆறு மணிக்கு, ஓய்வு பெற்றவள் என்று சாக்குச் சொல்லாமல் வந்து அளவு நாடாவின் மறுமுனையைப் பிடிக்கவும்.

இங்ஙனம்,
தாவரவியல் துறையினர், அம்பத்தூர்.

இதில் சபீனா மட்டும் கையெழுத்துப் போடவில்லை. மேடம் வந்து நாடா பிடிக்கிற அன்றைக்குத்தான் போடுவாராம்.